வலது பக்கம் குத்திய பதக்கங்கள்

அச்சகத்திலிருந்து மேனேஜர் அண்ணாச்சி ஃபோன் செய்தார். டிசைன் பிரிவுக்கு நீங்கள் இரண்டு பேரும் புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார். "நினைவு மலர் ஆர்டர் இந்த வருசமும் நமக்குத்தான். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் நல்லா வருது. மத்தது ஒண்ணும் தெரியல. நேர்ல வர முடியாட்டி எழுதியாவது குடு" என்றார்.

நான் ஓய்வு பெற்றவள் இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். ஐந்து வருடம் வேலை பார்த்தவள் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதுகிறேன் என்று சொன்ன பிறகும் ஒரு நாள் யோசித்தேன். கம்ப்யூட்டரில் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். அதனால் அதைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் அந்த மலர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்த ஆண்டில் இறந்துபோன உறுப்பினர்களை நினைத்து, டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் கூட்டம் போடுவார்கள். அன்று கொடுப்பதற்கு ஒரு சிறு புத்தகம். ஒருவருக்கு ஒரு பக்கம். ஒரு படம், அதன் அருகில் அவருடைய வாழ்க்கை. சங்கத்திலிருந்து வரும் ஃபாரத்தில் பதவி, பணியாற்றிய இடங்கள், பதக்கங்கள், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் இருக்கும். அந்த விவரங்களை மட்டும் அச்சடித்தால் எல்லாப் பக்கமும் ஒரே மனிதரைப் போல இருக்கும். அதனால் வீட்டாரிடம் பேசி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் பேசிய முதல் ஃபோன் ஒரு கர்னலின் மகளுக்கு. பயத்தில் ஃபாரத்தை வரிசையாகப் பார்த்து, "அப்பா இறந்த தேதி என்னங்க?" என்று ஆரம்பித்தேன்.  அவர் உடனே ஃபோனை வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா இருந்தார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைப்பவர், அதிகம் பேச மாட்டார். திரும்பாமலே கேட்டார்: "செத்த தேதி அந்தப் பேப்பர்ல இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"இருக்கிறத எதுக்குக் கேக்க? இல்லாததக் கேளு."

மறுநாள் அதே எண்ணுக்குப் பேசி, "அப்பா காலையில எந்திரிச்சதும் என்ன செய்வாங்க?" என்று கேட்டேன். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

அப்படிக் கேட்டுக் கேட்டு, நான் ஒரு முறைகூடப் பார்த்திராத மனிதர்கள் எனக்குப் பழக்கமானார்கள். ஓய்வுக்குப் பிறகு ஆலங்குளம் பக்கம் தங்கிவிட்ட ஒருவர், பெய்த மழையைத் தினமும் ஒரு டப்பாவில் அளந்து, மழை பெய்யாத நாளிலும் 'இல்லை' என்று நோட்டில் எழுதியிருக்கிறார். விஸ்வநத்தத்தில் வீடு கட்டியிருந்த இன்னொருவர், பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடி சோதிக்கும் நேரம் பார்த்து வெளியே நாற்காலி போட்டு உட்காருவாராம். சத்தம் சரியில்லை என்றால் கம்பெனிக்கு ஆள் அனுப்பி, "இது வெடியா, தும்மலா?" என்று கேட்பாராம். அவர் போன பிறகு, கம்பெனி ஃபோர்மேன் ஒவ்வொரு சாயங்காலமும் தன்னையறியாமல் அந்த வெற்று நாற்காலியைத் திரும்பிப் பார்த்ததாக அவருடைய மருமகள் சொன்னார்.

இவர்கள் உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். இருக்கும்போது யாருடைய விவரமும் என்னிடம் வராது, இறந்த பிறகுதான் வரும்; அந்த வேலை அப்படி. உங்களுக்கும் அப்படித் தோன்றும். தோன்றினால் தப்பில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். என் மூத்த மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

அந்த ஆண்டு மலரில் ஆமத்தூர்க்காரர் ஒரு மேஜரின் பக்கம் இருந்தது. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படித்து, அதிகாரியாக உயர்ந்தவர். ஆற்றின் குறுக்கே படை கடக்கப் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவர். அவருடைய மனைவியிடம் ஃபோனில் இரண்டு முறை பேசியிருந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னார், ஆனால் சுருக்கமாக. மகன் ஒருவன், அவனும் பட்டாளத்துக்குப் போய், பனிமலையில் காவலில் இருந்தபோது பனிச்சரிவில் இறந்தவன். இரண்டு மகள்கள் வெளியூரில். நான் எழுதியதில் ஒரு வரி இது: 'இவருடைய ஒரே மகனும் படையில் பணியாற்றி, பதக்கம் பெற்று, இளம் வயதிலேயே மறைந்தவர்.'

படம், சங்கக் கூட்டம் ஒன்றில் எடுத்தது. கறுப்புக் கோட்டு, நெஞ்சில் ஆறு பதக்கங்கள். முகம் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகத்துக்கு வெளியே பார்ப்பது போல இருந்தது. முகம் எழுத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். படத்தை ஃப்ளிப் செய்தேன். இடம் வலமாக, வலம் இடமாக மாறியது. இப்போது அவர் தன் வாழ்க்கையைத் தானே படிப்பது போல இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

காலண்டர் அடிக்கும் ஊர்க்காரிக்கு இது தெரியாமல் போகக் கூடாது. சாமி படத்தை ஃப்ளிப் செய்தால் அருள் கொடுக்கும் கை இடது கையாகிவிடும், வேல் கை மாறிவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். நானும் எந்தச் சாமியையும் திருப்பியதில்லை. மனிதர்தானே, எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

மகளுக்குக் காய்ச்சலாக இருந்தது, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் நான் அவசரத்தில் ஃப்ளிப் செய்யவில்லை, அழகாக இருக்கட்டும் என்று செய்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். சங்கச் செயலாளர் எழுத்தை மட்டும் புரூஃப் பார்த்திருந்தார். படங்கள் வரும் இடம் அப்போது வெறும் கட்டமாகத்தான் இருந்தது. படங்களை வைத்த பிறகு இன்னொரு முறை காட்டியிருக்க வேண்டும். நான் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் முந்நூறு புத்தகங்களும் தைத்து, வெட்டி, அடுக்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். செயலாளர் புத்தகங்களைப் பார்க்க வந்தார். ஓய்வு பெற்ற கேப்டன், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுபவர். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "நல்லா வந்திருக்கு பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மேஜரின் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"எம்மா, இது யாரு பதக்கம்?"

"அவங்களோடதுதான் சார்."

"பின்ன ஏன் வலது பக்கம் இருக்கு?"

முகம் உள்பக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் திருப்பியதைச் சொன்னேன். அவர் தன் இடது நெஞ்சில் விரலை வைத்தார்.

"இங்கன குத்துனா தன்னோடது." விரலை வலது பக்கம் மாற்றினார். "இங்கன குத்துனா, செத்துப்போன சொந்தக்காரனோடது. அவனுக்காக இவன் போட்டிருக்கான்னு அர்த்தம். பட்டாளத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்." பிறகு நான் எழுதிய வரியைத் தொட்டார். "இத வாசிச்சுட்டு இந்தப் படத்தப் பாக்குறவன் என்ன நெனைப்பான்? மகன் பதக்கத்த அப்பன் போட்டிருக்காருன்னு நெனைப்பான்."

நான் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன்.

"அந்த மனுசன் ஒரு நாளும் போட்டதில்லம்மா. கூட்டத்துக்குக் கூட்டம் நாங்க கேட்டிருக்கோம். மாட்டேன்னுட்டாரு. ஏன்னும் சொல்ல மாட்டாரு. செத்த பெறவு நாம போட்டு விட்டுட்டோம்."

மேனேஜர் அண்ணாச்சி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மூச்சு வந்தது. "நான் என்னமோன்னு பதறிட்டேன். பதக்கம் வலமா இடமான்னு எவன் பாக்கப் போறான் சார்?"

"வர்றவன் அம்புட்டுப் பேரும் பட்டாளத்துக்காரன் அண்ணாச்சி. மொகத்தப் பாக்குறதுக்கு முன்னால நெஞ்சத்தான் பாப்பான்."

"திருப்பி அடிக்க மெஷின் இல்லயே. சீசன். காலண்டர் லோடு நிக்குது."

"அப்ப அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க."

"கிழிச்சா அந்தத் தாளோட இன்னொரு பக்கமும் கழண்டு வரும் சார். அது யாரோட பக்கம்? அவரையும் சேத்துக் கிழிக்கவா?"

அப்போது லேபிள் அக்கா தன் இடத்திலிருந்தே சொன்னார்: "நாளைக்குக் காலையில கம்பிமத்தாப்பு லேபிள் ஓடுது. தாள்ல ஒரு ஓரம் சும்மாத்தான் கெடக்கு. சரியான படத்த அந்த ஓரத்துல போட்டா வெட்டி மேல ஒட்டிரலாம்."

அப்படித்தான் முடிவானது. மேஜரின் படம் கம்பிமத்தாப்பு லேபிள்களோடு சேர்ந்து அச்சாகும். சனிக்கிழமை மதியம் எல்லோரும் உட்கார்ந்து ஒட்டுவது. செயலாளர் கொஞ்சம் ஆறினார். அண்ணாச்சி, "ஒட்டிட்டா முடிஞ்சுது. அந்த அம்மாட்ட யாரும் வாயத் தெறக்காதீக" என்றார். செயலாளரும் மறுக்கவில்லை.

எனக்கு அதுவே நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை அவள் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பாதியை உரித்துவிட்டாள். ஒட்டிய தாள் என்றால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பார்க்கத் தோன்றும். புருசனின் படத்தைத் தடவிப் பார்க்கிற கைக்குத் தோன்றாமல் இருக்குமா? கூட்டத்தில் முந்நூறு பேர் நடுவில் உட்கார்ந்து அவர் அதை உரித்துப் பார்த்தால்? அதைவிட நானே போய்ச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. அடுத்த நிமிடமே, சும்மா இருக்கிறவரை நான் ஏன் போய்க் கலைக்க வேண்டும், என் மனப்பாரத்தை இறக்கிவைக்கத்தானே போகிறேன் என்றும் தோன்றியது. இரண்டும் சரியாகவே பட்டன. எது சரி என்று தெரிந்துகொண்டு நான் போகவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை, மகளையும் தூக்கிக்கொண்டு ஆமத்தூருக்குப் பஸ் ஏறினேன். பையில் ஒரு புத்தகமும், சரியான படத்தைக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்த ஒரு தாளும் இருந்தன. அந்த அம்மா முற்றத்தில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உயரமானவர். நான் யார் என்று சொன்னதும், "ஃபோன்ல பேசுன பிள்ளையா? வா தாயி. கைப்பிள்ளையோட வந்திருக்கியே, என்ன அவசரம்?" என்றார்.

சோளத்தைக் கண்டதும் மகள் என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். நான் பையைத் திறப்பதற்குள் ஒரு மணியை வாயில் போட்டுக்கொண்டாள். நான் அலறினேன். அந்த அம்மா அவளைக் கவிழ்த்து, ஒற்றை விரலால் மணியை வெளியே எடுத்துப் போட்டார்.

"இதுக்குப் போயி இந்தக் கத்துக் கத்துறியே. ஒண்ணும் ஆகல. ஒடம்புதான் கொஞ்சம் சுடுது. சாப்பிட்டியா நீ?"

"இல்லம்மா, ஒரு விசயம் சொல்லணும். சொல்லிட்டுப் போயிருதேன்."

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மறந்துவிட்டேன். புத்தகத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். "படத்தத் தப்பாத் திருப்பிட்டேன்மா. பதக்கமெல்லாம் வலது பக்கம் வந்துருச்சு. எனக்கு அந்த வழக்கம் தெரியாது. மன்னிச்சிருங்க. எல்லாத்துலயும் இந்தச் சரியான படத்த ஒட்டிருவோம். நாளைக்கு யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க அங்க வச்சுப் பாத்துரக் கூடாதேன்னுதான் வந்தேன்."

 அவர் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் படுகிற மாதிரி புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார். கண்ணாடி போடாமல் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். மகள் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். போயும் போயும் இந்த வீட்டுக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்றுதான் எனக்கு மனசில் ஓடியது.

"கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்காரு" என்றார். பிறகு, "எங்க வீட்டுல ரெண்டு டப்பா இருக்கு தாயி" என்றார்.

"என்ன டப்பாம்மா?"

"பதக்க டப்பா. அவரோடது ஒண்ணு, பையனோடது ஒண்ணு. வருசா வருசம் கூட்டத்துக்குப் போறன்னைக்கு ரெண்டையும் மேசையில எடுத்து வைப்பேன். அவரு ஒண்ண மட்டும் எடுத்துக்கிடுவாரு. மத்தத அலமாரியில கொண்டுபோயி வச்சிட்டு, நேரமாச்சும்பாரு. பதினோரு வருசம்."

"நீங்க கேக்கலயாம்மா?"

"கேக்காம? ஒரு வருசம் சண்டையே போட்டேன். ஊரு பூரா புள்ளைகளுக்காகப் போட்டுக்கிட்டு வாரான், எம்புள்ள மட்டும் அலமாரிக்குள்ள கெடக்கணுமான்னு கேட்டேன். அன்னைக்குத்தான் வாயத் தொறந்தாரு. 'அப்பன் பதக்கத்த மகன் போடலாம். மகன் பதக்கத்த அப்பன் போடுறதுக்கு ஒரு சட்டமும் எனக்கு வேண்டாம்'னாரு. பெறவு நான் கேக்கல. ஆனா டப்பாவ எடுத்து வைக்குறத மட்டும் விடல."

படத்தில் இருப்பவை அவருடைய சொந்தப் பதக்கங்கள்தான். ஆறையும் அந்த அம்மாவுக்கு வரிசையாகத் தெரியும். எது எந்த ஊரில் கிடைத்தது என்றுகூடச் சொன்னார். ஆனாலும் வலது பக்க நெஞ்சில் விரலை வைத்து, எடுக்காமல் இருந்தார்.

"எப்படி இருக்கும்னு பாக்கணும்னு எம்புட்டு நாளு நெனச்சிருக்கேன். இப்படித்தான் இருந்திருக்கும், என்ன?"

 ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. "அப்ப ஒட்ட வேண்டாமாம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

அவர் சட்டென்று புத்தகத்தை மூடினார்.

"ஒட்டணும். ஒண்ணு விடாம ஒட்டணும். அவரு வேண்டாம்ன ஒண்ண, செத்த பெறவு நாலு பேரு முன்னால மாட்டி நிறுத்துறதா? எனக்கு ஆசைங்கிறதுக்காக?"

"சரிம்மா."

அவர் மகளை என்னிடம் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்காமல், "எனக்குக் குடுக்குற பொஸ்தகத்துல மட்டும் நீங்க ஒட்டாதீக" என்றார். "ஒட்டுற படத்தத் தனியாக் குடுத்துரு. நானே ஒட்டிக்கிடுதேன்."

நான் கொண்டுபோன புத்தகத்தை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் அச்சகத்தில் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது புத்தகங்களில் ஒட்டினோம். மேஜரின் முகம் ஒவ்வொரு புத்தகத்திலும் புத்தகத்துக்கு வெளியே பார்த்தது. அண்ணாச்சி ஒன்று குறைகிறதே என்றார். எங்கே போயிற்று என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். அந்த அம்மா முன்வரிசையில் இருந்தார். வெட்டியெடுத்த படத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்று கேட்டார். விட்டுவிட்டது என்றேன். செயலாளர் மேடையிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். மேஜரின் பெயர் வந்தபோது எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திருப்பினார்கள். கோட்டும் பதக்கமுமாக இருந்த அத்தனை பேரும் முதலில் நெஞ்சைத்தான் பார்த்தார்கள். பிறகு முகத்தைப் பார்த்தார்கள். அந்த அம்மாவின் மடியில் புத்தகம் இல்லை. அவர் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். யாருடைய படத்தையும் திருப்பாதீர்கள். எழுத்துக்கு முதுகைக் காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும், வேண்டுமானால் எழுத்தை இடம் மாற்றுங்கள். படம் வைத்த பிறகு இன்னொரு முறை காட்டுங்கள், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்தாலும். தவறு நடந்துவிட்டால் போய்ச் சொல்வதா, சொல்லாமல் இருப்பதா என்பதற்கு மட்டும் என்னிடம் விதி இல்லை. அன்று நான் போனதில் நல்லது நடந்ததா, ஆறிய புண்ணைக் கிளறிவிட்டேனா என்று இப்போதும் மாறி மாறித் தோன்றுகிறது.

அவர் அந்தப் படத்தை ஒட்டினாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். ஃபோன் எண் என்னிடம் இருந்தது. விருதுநகர் போகும்போதெல்லாம் பஸ் ஆமத்தூரில் நிற்கும். மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். அந்தத் தெரு ஜன்னலிலிருந்தே தெரியும். பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவையும் இறங்கியதில்லை.